தீ குளிர்ந்த வருடம்

எங்கள் ஊரில் என் மச்சாள் சுலோஜனாவைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தீக்குழியில் சந்தைக்குப் போகிறவள் மாதிரி ஆறுதலாக நடந்து போனாளாம், அவளுக்காக அம்மன் தீயைக் குளிரவைத்தாளாம். சொல்லட்டும், ஊர் வாயை உலைமூடி கொண்டு மூடவா முடியும்? ஆனால் அவள் நடந்து முடித்து வரும்போது மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு குழியின் இந்தப் பக்கம் நின்றவள் நான். பிறகு அந்தக் கால்களுக்கு மருந்து கட்டியவளும் நான்தான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நான் சொல்லத்தான் போகிறேன்.

சுலோஜனா என் வீட்டுக்காரர் உதயரூபனின் அக்கா. பிறந்தது பழுகாமத்தில், வாவியின் மேற்குப் பக்கத்தில். அந்தக் கரையைப் படுவான்கரை என்போம். சூரியன் படுகிற கரை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் அவளைக் கட்டிய வினாயகமூர்த்தி அண்ணனுக்குக் கடல் இரைச்சல் கேட்காவிட்டால் நித்திரை வராது. அதனால் வழக்கத்தை உடைத்துக்கொண்டு அவள்தான் எழுவான்கரைக்குப் போனாள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற மணல் திட்டில் ஓலைக் குடில் போட்டு, பிறகு கல்வீடு கட்டி வாழ்ந்தாள். வயற்காட்டுப் பெட்டைக்குக் கடல் ஒத்துவருமா என்று நாங்கள் பகிடி பண்ணினோம். ஒத்துவந்தது மட்டுமல்ல, மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது என்ற நிலை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் கறிச்சட்டியைத் திறந்து பார்த்து, "என்னகா இது, கோயில் சோறா?" என்று மூஞ்சியைச் சுளிப்பாள்.

சுனாமி வந்த அன்று அவளும் மகன் பிரதீஸும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். காரணம் தயிர். எங்கள் எருமை கன்று போட்டிருந்தது. பிரதீஸுக்கு அப்போது பதினாலு வயது. எருமைத் தயிர் என்றால் அவனுக்கு உயிர். மண்முட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வழித்துத் தின்பான். "மாமி வீட்டுக்குப் போவம், தயிர் தின்னுவம்" என்று தாயை அரித்து அரித்து முதல் நாளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். தகப்பன் வலைவேலை கிடக்கிறது என்று நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரதீஸ் இரண்டாம் தரம் தயிர் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான், கடல் வந்துவிட்டது என்று றோட்டால் சனம் கத்திக்கொண்டு ஓடியது.

அவளுடைய வீட்டின் அத்திவாரத்தைக்கூடத் தேடித்தான் பிடித்தோம். வினாயகமூர்த்தி அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. கரையில் ஒதுங்கிய உடல்களை எல்லாம் அவள் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் பக்கம் ஒருவரும் மீன் தின்னவில்லை. கடல்மீன் ஆளைத் தின்ற மீன் என்று ஊரே சொன்னது. மீன்காரர் சைக்கிள் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போவார். ஆனால் வயிற்றுக்கு வெட்கம் கிடையாது. முதலில் வாவி மீன் பரவாயில்லை என்றார்கள், பிறகு இறால் பரவாயில்லை என்றார்கள், கடைசியில் எங்கள் வீட்டிலும் பாரைமீன் குழம்பு கொதித்தது. எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் குடியேறியிருந்த சுலோஜனாவுக்கு நான் ஒரு கோப்பையில் கொண்டுபோய் வைத்தேன்.

"மச்சாள், என்ட மனிசனை எந்த மீன் தின்டதெண்டு எனக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியாம எப்படிக்கா வாயில வைக்கிற?"

நான் வாய்க்காரி. ஊரில் ஒரு சண்டைக்கும் பின்வாங்காதவள். அன்றைக்குக் கோப்பையை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

மீனை விட்டவள் மெல்ல மெல்ல மச்சம் முழுவதையும் விட்டாள். எங்கள் பேச்சில் மச்சம் என்றால் மீன் மட்டுமல்ல. இறைச்சி, முட்டை எல்லாம்தான். கடல்கரைப் பெண்சாதி சுத்தச் சைவமானாள். பரவாயில்லை, பாலும் தயிரும் இருக்கிறதுதானே என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். எருமை நன்றாகக் கறந்தது. தாயும் மகனும் முட்டிக்குச் சண்டை பிடித்துக்கொண்டு தின்றார்கள். அந்த வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தமும் கேட்கத் தொடங்கியது.

பிறகு பிரதீஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரியூசன் முடிந்து வரும் வழியில். யார் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பொடியன்களைப் பிடிக்கிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நாசமாய்ப் போவார்கள் என்று நான் நடுறோட்டில் நின்று மண் அள்ளித் திட்டினேன். என் மண் யாரை என்ன செய்தது? பிள்ளை வன்னிக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஒரே ஒரு தரம் எங்கிருந்தோ ரெலிபோன் எடுத்தான். தாயோடு பேசிவிட்டு என்னிடமும் கேட்டான்: "மாமி, எருமை மறுகா கண்டு போட்டுதா?"

"போட்டுது மகன், நீ வா" என்றேன். அதுதான் அவனோடு நான் பேசிய கடைசிச் சொல்.

யுத்தம் முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். சுலோஜனா அவனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வவுனியா முகாம்களுக்குப் போனாள். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று போகிற வருகிற எல்லாரிடமும் காட்டினாள். கண்டேன் என்றவனும் இருந்தான், காணவில்லை என்றவனும் இருந்தான். காயப்பட்டுக் கிடந்ததைக் கண்டேன் என்றான் ஒரு பொடியன். இல்லை, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன் என்றான் இன்னொருத்தன். அவள் இரண்டாவது பொடியனின் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

வந்தவள் நேரே எங்கள் அம்மன் கோயிலுக்குப் போய் நேத்தி வைத்தாள். "பிரதீஸ் வந்து என்ட கையால தயிரும் சோறும் தின்னுமட்டும் நான் பாலையும் தயிரையும் தொடமாட்டன். வருசா வருசம் உன்ட தீயை மிதிப்பன். அவனைக் கொண்டுவந்து தா."

"அடியேய், கிடந்த ஒண்டையும் விட்டுட்டியே! இனி எதைத் தின்டு உயிர் வாழப்போறாய்?" என்று நான் கத்தினேன்.

"அவனுக்குப் புடிச்சதை நான் தின்டுகொண்டிருந்தா அம்மன் எனக்கு ஏன் இரங்கப்போறா?" என்றாள். அதற்குப் பிறகு சோறு, பருப்பு, கீரை, வெறும் தேத்தண்ணீர். அவ்வளவுதான் அவளுடைய சாப்பாடு.

ஒன்றிரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. தீயும் மிதித்தாள். எல்லாரையும் போல் ஓட்டமாய் ஓடி வந்து, உள்ளங்கால் சிவந்து, "அம்மாடி, என்ன சூடு" என்று தண்ணீருக்குள் காலை வைத்தாள். பிறகுதான் எரிவு தொடங்கியது. பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது என்பாள். இரவெல்லாம் கால் இரண்டையும் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு இருப்பாள். நாக்கு வழுவழுவென்று சிவந்து போய், உறைப்புத் தின்ன முடியாது. முகம் வெளிறி ஒரு மஞ்சள் நிறம்.

ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்? சீனி வருத்தம் என்றார்கள். எல்லாருக்கும் முதல் நான்தான் அதை நம்பி, அவளுடைய தேத்தண்ணீரில் போட்ட ஒரு கரண்டிச் சீனியையும் நிறுத்தினேன். பரியாரியார் எண்ணெய் தந்தார். மருந்துக்கடையில் நரம்புத் தளர்ச்சி என்று மஞ்சள் மாத்திரை தந்தார்கள். விற்றமின் மாத்திரை, நரம்புக்கு நல்லது என்றார்கள். போத்தல் முடிந்ததுதான் மிச்சம். அவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கையே இல்லை. "அம்மன் சோதிக்கிறா மச்சாள். சோதிச்சுப் போட்டுத்தான் தருவா" என்பாள்.

மெல்ல மெல்ல எரிவு குறைந்தது. நாங்கள் சந்தோசப்பட்டோம், மடைச்சிகள். எரிவு போன இடத்தில் விறைப்பு வந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் வயல் வட்டையில் களை பிடுங்கிவிட்டு வந்தாள். காலில் ஒரு செருப்புத்தான் கிடந்தது. மற்றது எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான், "கழண்டிட்டுதா?" என்றாள். வரம்பில் எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கணைக்காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியாது. கிணற்றடியில் முகத்துக்குச் சவுக்காரம் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் ஒரு பக்கம் சரிவாள். வயது போகிறது என்று சிரித்தோம். ஐம்பது ஒரு வயதா?

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டுச் சடங்கு வந்தது. கோயில் நிறையச் சனம். நான் குடத்தோடு நிற்கிறேன். தீ மிதிக்கிறவர்கள் ஒவ்வொருவராய் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். சுலோஜனா காலை வைத்தாள். ஓடவில்லை. ஒரு அடி, இன்னொரு அடி. குழியின் நடுவில் ஒரு கணம் நின்று தன் காலையே குனிந்து பார்த்தாள். சனம் "அரோகரா" என்று அலறியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இல்லை என்று சொன்னால் பொய். என் பக்கம் வந்து சேர்ந்தவளின் முகத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு!

"மச்சாள், தீ குளிர்ந்திட்டு. சுடவே இல்ல. அவன் வாறான்கா!"

கேட்டுக்கொண்டு நின்றவர்களில் அவளைப் போலப் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் பலர் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீதிக்கு வீதி அப்படி ஒருத்தி இருக்கிறாள். வவுணதீவிலிருந்து வந்த ஆச்சிப்பிள்ளை, மகளைத் தேடுகிறவள், அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்கட புள்ள வந்தா என்ட புள்ளையும் வருவாள்தானே?" சுலோஜனா அவளைத் தூக்கிக் கட்டிப்பிடித்து, "வருவாள், எல்லாரும் வருவாங்க" என்றாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தாய்மார் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அவர்களுக்கு ஒரு கிழமைக்குப் போதும்.

சடங்கு முடிந்து சில நாளில் அவளுடைய அறையில் ஒரு கெட்ட மணம். எலி செத்துக் கிடக்கிறதாக்கும் என்று பாயை இழுத்தேன். பாயில் மஞ்சளாய் ஊன்நீர் வடிந்திருந்தது. காலைக் காட்டடி என்றேன். உள்ளங்கால் இரண்டும் வெந்து, தோல் கழன்று, புண் சீழ் வைத்திருந்தது. அந்தக் காலோடுதான் அவள் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் நடந்து திரிந்திருக்கிறாள். நான் வைத்த ஒப்பாரியில் அயலே கூடிவிட்டது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தவர் டொக்டர் ஷாகிரா. காத்தான்குடிப் பிள்ளை, தலையில் முக்காடு, நிதானமான பேச்சு. புண்ணைக் கழுவி மருந்து கட்டின பிறகும் அவர் விடவில்லை. "கண்ணை மூடிக்கொள்ளுங்க அம்மா. எங்க தொடுறன் எண்டு சொல்லுங்க" என்று பஞ்சால் காலைத் தடவினார். ஊசி முனையால் குத்தினார். குத்திய இடத்தில் இரத்தம் பொட்டு வைத்தது. சுலோஜனா கண்ணை மூடிக்கொண்டு, "தொடுங்க பிள்ளை, தொட்டாத்தானே சொல்லலாம்" என்றாள்.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி வருத்தம் இல்லை. பிறகு டொக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மீன்? இல்லை. முட்டை? இல்லை. பால், தயிர்? இல்லை. எத்தனை வருடமாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இன்னொரு பரிசோதனைக்கு இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு, கரண்டு வயருக்கு மேலே றப்பர் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கிறது, அதைக் காப்பாற்றுகிற சத்து விற்றமின் பி12 என்று விளக்கினார். அது மச்சத்திலும் பாலிலும்தான் இருக்கிறதாம். கீரை பருப்பில் மருந்துக்கும் இல்லை. உடம்பு அதைச் சேர்த்து வைத்துச் சில வருடம் சமாளிக்கும், சேமிப்பு முடிந்தால் நரம்பு காய்ந்துவிடும். கடையில் வாங்கின மஞ்சள் மாத்திரையில் இந்தச் சத்து இருக்கவே இல்லையாம்.

"ஊசி போட்டா நல்லா வரும் அம்மா. முழுக்க வராட்டியும் பெரும்பாலும் வரும். விட்டா நடக்கவே ஏலாமப் போயிரும். இவ்வளவு பெரிய தீக்காயம் பட்டும் உங்களுக்குத் தெரியாமப் போனது அதனாலதான்."

அந்தப் பிள்ளை ஒரு கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த எனக்கு, எழும்பி அதனுடைய வாயைப் பொத்தவேண்டும் போல் இருந்தது.

"அப்ப தீ சுட்டிருக்கா பிள்ளை?" என்று சுலோஜனா கேட்டாள்.

"ஓம் அம்மா. நல்லாச் சுட்டிருக்கு. உங்கட காலுக்குத்தான் தெரியல்ல."

"அம்மன் குளிர்த்தினதெண்டு…"

டொக்டர் அப்போதுதான் விளங்கிக்கொண்டார். முகம் மாறியது. "அதை எனக்குச் சொல்லத் தெரியா அம்மா. எனக்குக் காலைப் பற்றித்தான் தெரியும்" என்றார்.

சுலோஜனா எழும்பி நடந்தாள். செருப்பு ஒன்று அவள் இருந்த கதிரைக்குக் கீழேயே கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்து ஒரே பிடிவாதம். ஊசி வேண்டாமாம். நான் கத்தின கத்தில் கோழியெல்லாம் மரத்தில் ஏறியது. "விசரியாடி நீ? கால் அழுகிப் போகுதெண்டு டொக்டர் சொல்றா, நீ வேணாமெண்டு குந்திக்கொண்டிருக்கிறாய்! அவன் வந்தாக்கா நடக்கேலாத தாயைத் தூக்கிக்கொண்டா திரியிற?"

"இந்தக் காலுக்குத்தான் மச்சாள் அவன் உசிரோட இருக்கிறானெண்டு தெரியும்" என்றாள் அவள். "வேற ஆருக்குத் தெரியும்? கவர்மெண்டுக்குத் தெரியுமா? அந்த முகாம்காரருக்குத் தெரியுமா? இதையும் ஊசி போட்டு மாத்திப்போட்டு நான் என்னத்தை வச்சுக்கொண்டு இருக்கிற?"

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

பட்ட காலிலே படும் என்பதும் பொய்யில்லை. அடுத்த கிழமை கிணற்றடியில் முகம் கழுவக் கண்ணை மூடியவள் அப்படியே விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டாள். காயத்துக்குக் கோப்பித்தூள் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, தானாகவே சொன்னாள். "யசோ, ஊசி போடுறன். கால் நல்லா வரட்டும். மறுகா தீ மிதிப்பன். உணர்ச்சி வந்த காலுக்கும் தீ குளிர்ந்தா அது அம்மன்தான். டொக்டருக்கும் வாயில்ல, ஆருக்கும் வாயில்ல."

"குளிராட்டி?"

அவள் கோப்பித்தூளைக் கொஞ்சம் அழுத்திப் பிடி என்றாள்.

ஊசி போடப் போன அன்று இன்னொரு கூத்து. மருந்து சிவப்பாய் இருந்தது, குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி. அதைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். "பிள்ளை, இந்த ஊசி மச்சமா சைவமா?"

மருந்து ஏற்றிக்கொண்டிருந்த தாதி கிளுக்கென்று சிரித்துவிட்டாள். டொக்டர் ஷாகிரா சிரிக்கவில்லை. "எங்கட உம்மாவும் மாத்திரையைப் பிரட்டிப் பிரட்டி, இது ஹலாலா எண்டுதான் கேப்பா" என்றார். "மீனும் இல்ல, மாடும் இல்ல அம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமியைத் தொட்டியில வளர்த்து அதிலருந்து எடுக்கிற. உங்கட நேர்ச்சைக்கு ஒண்டும் வராது. ஊசியை இப்ப போடுங்க, தயிரை மகன் வந்த பிறகு தின்னுங்க."

சுலோஜனா கையை நீட்டினாள். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சைவ ஊசி அம்மா என்றே பெயர்.

முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு கிழமைக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று. நரம்பு உயிர் பெறும்போது நோவும் உயிர் பெறும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். பழைய எரிவு திரும்பி வந்தது. பிறகு குறைந்தது. நாக்கு ஆறியது, முகத்தில் இரத்தம் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ஆள் சரியவில்லை. நான் அடுப்படியிலிருந்து வேலிக்கு ஓடி அயலுக்கெல்லாம் சொன்னேன்.

ஆனால் அவளோ ஒவ்வொன்றையும் செத்தவீட்டுச் செய்தி மாதிரித்தான் வந்து சொல்வாள். "மச்சாள், செருப்பு வார் தட்டுப்படுது." "இண்டைக்கு எறும்பு கடிச்சது தெரிஞ்சுது." ஒரு நாள் மத்தியானம் முற்றத்துக்கு இறங்கியவள் உடனே காலை எடுத்துக்கொண்டாள். "மணல் சுடுது" என்றாள். நான் கைதட்டப் போனேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. உணர்ச்சி ஒரு அங்குலம் ஏற ஏற, பிள்ளை ஒரு அங்குலம் தூரப் போய்க்கொண்டிருந்தான். அது தெரிந்த பிறகும் நான் அவளை மாதாமாதம் ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அடுத்த வருடச் சடங்கு வந்தது. இனித் தீ மிதிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைத் திருப்பி நான் சொன்னேன், என் வீட்டுக்காரர் சொன்னார். யார் சொல்லைக் கேட்பாள்? மஞ்சள் சேலை உடுத்துக் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அந்த முறை அந்தத் தாய்மார் முன்வரிசையில் நின்றார்கள். அவளைப் பார்க்கவென்றே உன்னிச்சையிலிருந்தும் வந்திருந்தார்கள். கையில் பிள்ளைகளின் படம். ஆச்சிப்பிள்ளை குழியின் ஓரமாய் நெருப்பு அனலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஒருத்தியும் அம்மனைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் சுலோஜனாவின் காலில்தான்.

தாயே, குளிர்த்திவிடு என்று நான் கும்பிட்டேன். வாழ்நாளில் அப்படி ஒரு கும்பிடு நான் கும்பிட்டதில்லை.

அவள் காலை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் கால்விரல்கள் உள்பக்கமாய்ச் சுருண்டதைக் கண்டேன். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடு, ஓடிவா என்று என் தொண்டைக்குள் சத்தம். அவள் ஓடவில்லை. நிமிர்ந்தாள். வரிசையாய் நிற்கிற அந்த முகங்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போன வருடம் நடந்த மாதிரியே, ஒரு அடி, இன்னொரு அடி, ஆறுதலாக நடந்தாள். சனம் "அரோகரா" என்று அலறியது. குழியைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் சதைக்குள் இறங்கியது. நான் தண்ணீரை ஊற்றினேன்.

ஆச்சிப்பிள்ளை ஓடி வந்து, "அக்கா, குளிர்ந்திச்சா?" என்று கேட்டாள்.

"குளிர்ந்திச்சு" என்றாள் சுலோஜனா. "உன்ட புள்ள வருவாள். போ, போய்க் கும்பிடு."

ஒவ்வொருத்தியும் வந்து கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் அதே சிரிப்போடு அதையே சொன்னாள். என் கையை மட்டும் விடவே இல்லை. ஓட்டோவில் ஏறிக் கோயில் வீதி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சுட்டது மச்சாள்."

"தெரியும்கா. பின்னே ஏன் ஓடல்ல?"

"அதுகள் பார்த்துக்கொண்டு நிண்டதுகள்" என்றாள்.

அடுத்த நாள் விடியக் காலுக்கு மருந்து கட்டப் போனேன். பிரதீஸின் படத்துக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தாள். படத்தை அவள் தொடவில்லை. மாலையும் போடவில்லை, விளக்கும் வைக்கவில்லை. நான் கட்டி முடித்ததும், "யசோ, வீட்டில தயிர் கிடக்கா?" என்று கேட்டாள்.

போய் முட்டியோடு எடுத்து வந்து, கொஞ்சம் சோறும் போட்டு முன்னால் வைத்தேன். அவன் வந்து தின்ற பிறகு தின்னவேண்டிய தயிர். அவள் குழைத்தாள். ஒரு பிடி எடுத்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு தன் வாயில் வைத்தாள்.

முகாம் வேலியில் அழாதவள், பஸ்ஸில் ஏற்றின கதையைக் கேட்டபோதும் அழாதவள், அந்தப் பிடியை விழுங்கமாட்டாமல் வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள். கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது. என்ன சொல்கிறதென்று தெரியாமல் நான் ஒரு விசர்க் கேள்வி கேட்டேன்.

"புளிக்குதா மச்சாள்?"

"இல்ல" என்றாள். "கால் எரியுது."

நான் தண்ணீர் வாளி எடுத்துவரப் போனேன்.